துட்டி வீட்டுக்குப் போய் வருகிறவர்

அம்பாசமுத்திரம்
2.2.2025

அன்புள்ள அத்தானுக்கு,

செல்வி எழுதுகிறேன். நானும் உங்கள் மகளும் சுகமாக இருக்கிறோம். எனக்குத் தையல் காய்ந்துவிட்டது. அவள் பால் குடிக்கிறாள், தூங்குகிறாள், மறுபடியும் பால் குடிக்கிறாள். வேறு சோலி கிடையாது. நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா என்று முதலில் எழுதுங்கள்.

அம்மாவுக்கு உங்கள் மேல் கோபம் இன்னும் தணியவில்லை. யாருக்குத்தான் கோபம் வராது? பிள்ளை பிறந்ததும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று ஆசை ஆசையாக உங்களுக்குப் போன் போடுகிறாள். "மருமவனே, வந்துட்டு!" என்கிறாள். நீங்கள் "எந்த ஸ்டேஷன் லிமிட்? பாடிய எடுத்தாச்சா?" என்று கேட்கிறீர்கள். அம்மா போனைக் கீழே போட்டுவிட்டாள். திரை உடைந்து இப்போது பாதி எழுத்துதான் தெரிகிறது.

எனக்குத் தெரியும் அத்தான். தூக்கக் கலக்கத்தில் எடுத்திருப்பீர்கள். அந்த நடுச்சாமத்தில் கிரைம் ரிப்போர்ட்டருக்குப் போன் போடுகிறவர்கள் போலீஸ்காரரும் ஆம்புலன்ஸ் டிரைவரும்தான். அதைத்தான் அம்மாவிடமும் சொன்னேன். அவள் கேட்டால்தானே! "பச்சப்பிள்ள பூமியில விழுந்த நேரத்துல பாடின்னு கேட்ட வாய என்ன செய்ய? நீயே சொல்லுட்டி" என்று வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி புலம்பினாள். பக்கத்துக் கட்டில்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தையல் வலிக்க வலிக்க நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அழுகை வந்துவிட்டது.

பிள்ளைக்குப் பதினோரு நாள் ஆகிறது. நீங்கள் இன்னும் வரவில்லை. வண்ணார்பேட்டையில் பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் இங்கே இறங்கிவிடலாம். நான் போன் போட்டால் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் "வேற கால் வருது" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். பிள்ளையின் படத்தையும் போனில் அனுப்ப மாட்டேன், நேரில் வந்துதான் பார்க்க வேண்டும். காகிதத்தில் பேசினால் நடுவில் யாரும் செத்துப்போய் லைனுக்கு வர மாட்டார்கள்.

வாசல் பக்கமே காதை வைத்திருக்கும்,
செல்வி

---

வண்ணார்பேட்டை
9.2.2025

செல்விக்கு,

துரை. கடிதம் கிடைத்தது. பஸ் ஸ்டாண்டில் நின்று ஒரு தடவையும், வீட்டுக்கு வந்து ஒரு தடவையும் படித்தேன். மெஸ்ஸில் சாப்பிடுகிறேன். தூக்கத்துக்கும் குறைவில்லை. அத்தையிடம் நான் காலில் விழுந்ததாகச் சொல். புதுப் போன் வாங்கித் தருகிறேன் என்றும் சொல்.

வீடு நீ விட்டுப்போன மாதிரியேதான் இருக்கிறது. உன் பச்சைச் சேலை இன்னும் கொடியில் கிடக்கிறது. மடித்து வைக்கலாம் என்று எடுத்தேன், மறுபடியும் கொடியிலேயே போட்டுவிட்டேன். வேலை முடிந்ததும் நேரே படித்துறைக்குப் போய்க் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைகிறேன். நீ இருந்தபோது ஒரு முறை குளிப்பேன். இப்போது கேட்க ஆள் இல்லாததால் நிறையக் குளிக்கிறேன். வீட்டுக்காரர், "ஒம்ம பாத்தா ரிப்போர்ட்டர் மாதிரியா இருக்கு? சாமியாரு மாதிரில்லா இருக்கு வே" என்று கேலி பண்ணுகிறார்.

பிள்ளை யாரைப் போல இருக்கிறாள்? தூங்கும்போது கையை எப்படி வைத்திருப்பாள்? கொட்டாவி விடுவாளா? எழுதிக்கொண்டே இரு. நிருபருக்கு விவரம் பத்தாது என்று உனக்குத் தெரியுமே.

ஆபீஸில் ஆள் குறைவு. லீவு விஷயம் பார்க்கலாம்.

பச்சைச் சேலைக்குக் காவலாக,
துரை

---

அம்பாசமுத்திரம்
24.2.2025

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் மகளும் நானும் சௌக்கியம். அம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலி. உங்களை ஏசுவதற்கு நடந்து நடந்தே வந்த வலி என்கிறேன், இன்னும் ஏசுகிறாள்.

கேட்டீர்களே, சொல்கிறேன். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி வைத்துத் தூங்குகிறாள், யாரோ துப்பாக்கியைக் காட்டின மாதிரி. கொட்டாவி விடுவாள். விட்டதும் தானே பயந்துகொள்வாள். மூக்கு உங்களுடையது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. ஒரு ஆளை இப்படித் தேடும் என்று கல்யாணத்துக்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் போடா கோட்டிக்காரா என்றிருப்பேன்.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். அதில் "வருகிறேன்" என்ற சொல்லே இல்லை. லீவு விஷயம் பார்க்கலாமாம்! ஊர்ச் செத்த வீட்டுக்கெல்லாம் கூப்பிடாமல் ஓடுகிறவருக்குப் பெற்ற பிள்ளையைப் பார்க்க லீவு பார்க்க வேண்டியிருக்கிறது.

மார்ச் மூன்றாம் தேதி நாற்பத்தொன்றாம் நாள். அன்றைக்குப் பேர் வைக்கிறோம். தகப்பன் மடியில் வைத்துத்தான் காதில் பேரைச் சொல்ல வேண்டும். அண்ணன் வன்னியராஜ் "பொருநை" என்று வைக்கலாம் என்கிறான். நம் ஆற்றின் பேர், எனக்கும் பிடித்திருக்கிறது. உங்களுக்குப் பிடித்திருக்கிறதா? வந்து சொன்னால் போதும்.

மூன்றாம் தேதியை எதிர்பார்த்து,
செல்வி

---

வண்ணார்பேட்டை
27.2.2025

செல்விக்கு,

அவசரமாக எழுதுகிறேன். இங்கே எல்லாம் நலந்தான். ஆற்றின் பேர் வேண்டாம். வேறு எந்தப் பேராக இருந்தாலும் சரி. "ஆதிரை" நன்றாக இருக்கிறது, உனக்குச் சம்மதம் என்றால்.

மூன்றாம் தேதி எனக்காகக் காத்திருக்க வேண்டாம். வன்னியராஜ் மடியில் வைத்துச் சொல்லட்டும். தாய்மாமனுக்கும் உரிமை உண்டு.

கோபப்படாதே என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

துரை

---

அம்பாசமுத்திரம்
8.3.2025

அத்தானுக்கு,

பிள்ளை நலம். பேர் ஆதிரை. அண்ணன் மடியில் வைத்துத்தான் காதில் மூன்று தடவை சொன்னான். வந்திருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக "மாப்பிள வரலியா?" என்று கேட்டார்கள். நான் "டூட்டி" என்றேன். ஐந்தாவது ஆள் கேட்டதும் அடுக்களைக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

எல்லாரும் போன பிறகு அண்ணன் குதித்தான். "என்னட்டி நெனச்சுக்கிட்டிருக்கான் அவன்? பொம்பளப் பிள்ளன்னு வரலியா? இல்ல, அங்கன வேற குடும்பம் வச்சிருக்கானா? வைகாசி வரைக்கும் பாப்பேன். பெறவு பெரியாள்களக் கூட்டிப் பேசி முடிச்சிருவேன்" என்கிறான். முடிப்பது என்றால் நம் உறவை அத்துவிடுவது என்று உங்களுக்குத் தெரியும். அவன் சும்மா சொல்கிற ஆள் இல்லை.

நான் உங்களுக்காகத்தான் பேசினேன். ஆனால் எதை வைத்துப் பேச? ஏன் வரவில்லை என்று எனக்கே தெரியாதே. பொம்பளைப் பிள்ளை என்பதற்காக இல்லை, அது தெரியும். வயிற்றில் இருக்கும்போதே பெண்தான் வேண்டும் என்று சொன்னவர் நீங்கள். அப்புறம் என்னதான் அத்தான்? உங்களோடு வேலை பார்க்கிற மற்றவர்களும் இதே சாவுகளைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைக் கொஞ்சத்தானே செய்கிறார்கள்?

புதன்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் முதல் ஊசி போட்டோம். தொடை வீங்கி இரண்டு நாள் அழுதாள்.

பதில் வரும் வரை தூங்காத,
செல்வி

---

வண்ணார்பேட்டை
20.3.2025

செல்விக்கு,

ஆதிரைக்கு வீக்கம் வடிந்திருக்கும் என்று நம்புகிறேன். அத்தைக்கு முழங்காலுக்குத் தைலம் அனுப்புகிறேன். வன்னியராஜ் ஏசினதில் தப்பே இல்லை. அவன் இடத்தில் இருந்தால் நான் இன்னும் கூட ஏசியிருப்பேன். வேறு குடும்பம் மட்டும் இல்லை, அதைச் சொல்லிவிடு.

மற்றவர்களைப் பற்றிக் கேட்டிருந்தாய். போட்டோகிராபர் நடராஜ் குடிக்கிறான். குடித்தால்தான் தூக்கம் வருகிறது, தூங்கினால் கனவு வருகிறது, அதற்குக் குடிக்காமலே இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே குடிக்கிறான். பேப்பரில் பக்கம் வடிவமைக்கிற நூர்முகம்மது அண்ணன், இறந்தவர்களின் படத்தைக் கம்ப்யூட்டரில் தலைகீழாகத் திருப்பி வைத்துத்தான் அளவு பார்ப்பார். அப்படிப் பார்த்தால் முகம் முகமாகத் தெரியாதாம். அச்சுக்குப் போகிற நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு நேராக்கி விடுவார். ஒரு நாள் மறந்துபோய் ஒரு பெரிய மனுஷர் தலைகீழாகவே வரப் பார்த்தார். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். நாங்கள் அடிக்கிற ஜோக்கை வெளியாள் கேட்டால் கல்லால் அடிப்பான். நான் குளிக்கிறேன். இப்படி ஆளுக்கொரு வழி. வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைக் கொஞ்சுகிறார்களா என்று நான் கேட்டதில்லை. அதை நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதில்லை.

உன்னை நினைக்காத நேரம் இல்லை. கடைத்தெருவில் யாராவது பச்சை கட்டிப் போனால் திரும்பிப் பார்க்கிறேன். அடி வாங்கித் தராமல் விடமாட்டாய் போலிருக்கிறது.

ஆதிரையை வெளியே கொண்டுபோகும்போது அந்த மஞ்சள் குல்லாவைப் போடாதே. காதை மூடவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நல்ல காற்று.

உங்கள் இருவரையும் நினைத்தபடி,
துரை

---

அம்பாசமுத்திரம்
24.3.2025

அத்தானுக்கு,

நாங்கள் நலம். இந்தக் கடிதத்தில் கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

மஞ்சள் குல்லாவைப் பற்றி உங்களுக்கு யார் சொன்னது?

அது ஜவுளிக்கடையில் என்னோடு வேலை பார்த்த நிலோஃபர் அனுப்பினது. நான் உங்களுக்கு எழுதவே இல்லை. ஊசி போட்ட புதன்கிழமை ஒரே ஒரு தடவைதான் போட்டேன். சிறிசாக இருக்கிறதென்று அன்றைக்கே கழற்றி வைத்துவிட்டேன். நீங்கள் அங்கே நின்றிருக்கிறீர்கள். எங்கே நின்றீர்கள்? டீக்கடையிலா? ஆட்டோ ஸ்டாண்டிலா? நான் வெயிலில் பிள்ளையோடு ஆட்டோ தேடி நிற்கும்போது பார்த்துக்கொண்டே நின்றீர்களா?

பாவி மனுஷா! எதிர்ப்பக்கம் நின்ற ஆளுக்கு ரோட்டைத் தாண்ட என்ன கேடு? "ஏட்டி செல்வி" என்று ஒரு சத்தம் கொடுத்திருந்தால் நான் எல்லாத்தையும் மறந்திருப்பேனே. பெற்ற பிள்ளையைத் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறிப் போகிற தகப்பனை நான் கேள்விப்பட்டதே இல்லை.

இதை எழுதிவிட்டு நேற்று முழுக்க அனுப்பாமல் வைத்திருந்தேன். கோபத்துக்கு நடுவில் ஒரு சந்தோஷமும் இருக்கிறது. நீங்கள் வந்தீர்கள். அதை அண்ணனிடம் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

அடுத்த ஊசி ஏப்ரல் இரண்டாம் தேதி. அதுவும் புதன்கிழமை.

செல்வி

---

அம்பாசமுத்திரம்
6.4.2025

அன்புள்ள அத்தானுக்கு,

பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? ஆதிரைக்கு இரண்டாவது ஊசி போட்டாயிற்று. இந்தத் தடவை அழுகை குறைவு.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நான் செய்ததைப் பார்த்து அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எதிர்ப்பக்கம் நீங்கள் நிற்கிறீர்களா இல்லையா என்று தெரியவில்லை. ஒரே கூட்டம். அதனால் பிள்ளையை இரண்டு கையாலும் தூக்கி ரோட்டுப் பக்கமாகத் திருப்பிக் கொஞ்ச நேரம் காட்டிக்கொண்டு நின்றேன். டீக்கடைக்கு, ஆட்டோ ஸ்டாண்டுக்கு, பழக்கடைக்கு, எல்லாத்துக்கும் காட்டினேன். "கோட்டி பிடிச்சிட்டா ஒனக்கு? ஆருக்குட்டி காட்டுத?" என்றாள் அம்மா. ஊருக்கு என்றேன். நீங்கள் பார்த்தீர்களா?

நேற்று நடராஜ் அண்ணன் வந்தார். நெல் கொள்முதல் படம் எடுக்க வந்தவர், பிள்ளைக்குக் கிலுகிலுப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். வாசலுக்குக் கூட்டிப் போய், உங்களுக்கு என்னதான் என்று பிடித்துக்கொண்டேன். முதலில் மழுப்பினார். "எம் பிள்ள மேல ஆணையா கேக்குதேன்" என்றதும் சொல்லிவிட்டார்.

"சீவலப்பேரியில ஒரு பையன் ஆத்தோட போயிட்டான் தங்கச்சி, ஐப்பசியில. ஆறு வயசு. நானும் அவனுந்தான் போனோம். முடிச்சு எந்திரிக்கும்போது, பழக்க தோசத்துல, அந்தத் தாய்க்காரிகிட்ட 'போயிட்டு வாரேம்மா'ன்னு சொல்லிட்டான். நான் அவன் கைய இறுக்குனேன். சொன்னது சொன்னதுதானே. மறு மாசம் அதே வீட்டுல பையனோட அப்பா மருந்தக் குடிச்சிட்டாரு. அதுக்கும் எங்களத்தான் அனுப்புனாங்க. உள்ள நொழஞ்சதும் அந்தம்மா அவனப் பாத்து, 'வாரேன்னு சொல்லிட்டுத்தானய்யா போனீரு, வந்துட்டீரே'ன்னுச்சு. இருந்த பொம்பளைக அத்தன பேரும் திரும்பிப் பாத்தாங்க. அதுலருந்து அவன் ஆளே சரியில்ல."

துட்டி வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது, பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும் என்று நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சொன்னால் அந்த வீட்டுக்கு மறுபடியும் ஒரு சாவுக்கு வர வேண்டியிருக்கும் என்பார்கள். நீங்கள் அதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லையே அத்தான். சகுனம் பார்க்கிற அம்மாவைக் கேலி பண்ணுகிற ஆள்தானே நீங்கள்?

அப்போது எனக்கு ஏழாம் மாசம். என் பக்கத்தில் படுத்துக்கொண்டு இதை எப்படி விழுங்கினீர்கள்? என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா?

உங்கள்,
செல்வி

---

வண்ணார்பேட்டை
14.4.2025

அன்புள்ள செல்விக்கு,

இன்று வருஷப் பிறப்பு. அத்தைக்கும் வன்னியராஜுக்கும் என் வாழ்த்தைச் சொல். ஆதிரைக்கு இது முதல் சித்திரை.

பார்த்தேன். பழக்கடைக்குப் பின்னால் நின்றேன். ஆறாவது வாரம் ஊசி என்று கணக்குப் பார்த்து முதல் தடவையும் அங்கேதான் வந்து நின்றேன். நீ தூக்கிக் காட்டினபோது அவள் காலை உதைத்தாள். அன்றைக்குத் திருநெல்வேலி வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். சீட் இருந்தது. உட்காரத் தோன்றவில்லை.

நடராஜ் சொன்னது உண்மை. அவனுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அவன் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, பையனைக் கரையேற்ற ஆள் போதாமல் போலீஸ்காரர் என்னைக் கூப்பிட்டார். ஆற்று மேட்டிலிருந்து வண்டி வரைக்கும் நான்தான் தூக்கிப் போனேன். குளிர்ந்து கிடந்தான் செல்வி. சட்டை, பனியன் எல்லாம் தாண்டி அந்தக் குளிர் என் நெஞ்சில் ஏறிவிட்டது. எத்தனை குளித்தாலும் போகவில்லை. நான் நம்புகிறேனா இல்லையா என்று கேட்டால் என்ன சொல்ல? மூளை நம்பவில்லை. இந்தக் கை நம்புகிறது. இதே கையை நீட்டி நம் பிள்ளையை வாங்க எனக்குப் பயமாக இருக்கிறது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிற வரைக்கும் அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று தோன்றிவிட்டது. சொன்னால் சிரிப்பாய் என்று இருந்தேன். இல்லை, நீ சிரிக்க மாட்டாய், பயப்படுவாய் என்றுதான் சொல்லவில்லை.

மனநல டாக்டர் ஒருவரைப் பார்க்கிறேன். சாலோமி என்று பேர். தற்கொலைத் தடுப்பு பற்றிப் பேட்டிக்குப் போனேன். பேட்டி முடிந்ததும் "நீங்க எப்பம் கடைசியா நல்லாத் தூங்கினீங்க?" என்று அவர் என்னைக் கேட்டார். இப்போது வியாழக்கிழமைதோறும் போகிறேன். நடந்ததைச் சொல்லச் சொல்வார். நான் இடம், நேரம், பேர், வயது என்று வரிசையாகச் சொல்வேன். "இது ரிப்போர்ட்டு. ஒங்களுக்கு என்ன ஆச்சு?" என்பார். அது செய்தியில் வராதே டாக்டர் என்றேன். மாத்திரையும் தந்திருக்கிறார். கோட்டிக்கு வைத்தியம் என்று அத்தை நினைத்தால் நினைக்கட்டும்.

கொஞ்சம் பொறு. வைகாசிக்குள் என்னால் முடியாவிட்டால் வன்னியராஜ் சொல்கிறபடி செய். உன்னைக் கட்டிப்போட எனக்கு உரிமை இல்லை.

உன்னையும் அவளையும் தேடித் தவிக்கும்,
துரை

---

அம்பாசமுத்திரம்
27.4.2025

என் அத்தானுக்கு,

நாங்கள் நலம். நலம் என்று நான் எழுதுவதை இந்தத் தடவை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நேற்று ஆதிரையைத் தூக்கிக்கொண்டு சீவலப்பேரிக்குப் போனேன்.

குதிக்காதீர்கள். அம்மா குதித்தது போதும். பச்சைப் பிள்ளையைத் துட்டி வீட்டுக்குக் கொண்டுபோகிறவள் தாயா பேயா என்று தெரு முனை வரைக்கும் கூடவே வந்து ஏசினாள். எனக்கும் பஸ்ஸில் பயமாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். வண்ணார்பேட்டையில் பஸ் நின்றபோது நம் தெருவைப் பார்த்தேன். இறங்கி ஓடி வந்துவிடலாமா என்று இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜங்ஷனில் டவுன் பஸ் மாறினேன்.

அந்த அம்மா பேர் சுடலைவடிவு. நாற்று நடுகிற வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். நான் இன்னார் பெண்டாட்டி என்றதும் என்னைப் பார்த்தாள். பிறகு பிள்ளையைப் பார்த்தாள். "ஏம்மா, இங்கன பச்சப்பிள்ளய கொண்டாந்திருக்க?" என்றாள். உங்களைப் பற்றி எல்லாத்தையும் சொன்னேன். அவள் அழவில்லை. கோபந்தான் வந்தது.

"ஆமா, சொன்னேன். அன்னைக்கு ஆரையாவது ஏசணும்னு இருந்துச்சு. சாமிய ஏசி ஏசி வாய் வலிச்சிட்டு. முன்னால ஒரு ஆளு வந்து நின்னாரு, ஏசிட்டேன். அதுக்காவ ஒரு மனுசன் பெத்த பிள்ளயப் பாக்காம இருப்பானா? கோட்டிக்காரன்! எம் புருசன் எதனால போனாருன்னு எனக்குத் தெரியாதா? பையன ஆத்துக்குக் குளிக்கக் கூட்டிட்டுப் போனது அவரு. கைய விட்டது அவரு. அந்த ஒரு மாசமா அந்த மனுசன் சோத்துல கை வைக்கல. பைய பையத் தேறிருவாருன்னு இருந்தேன். ஒம் மாப்பிள வாரேன்னு சொன்னாலும் அதான், சொல்லாட்டாலும் அதான்."

பிறகு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நீட்டினாள். எனக்கு ஒரு நிமிஷம் கை வரவில்லை அத்தான். அப்போதுதான் உங்கள் பயம் என்னவென்று எனக்குத் தெரிந்தது. கொடுத்துவிட்டேன். அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடந்தாள். ஐப்பசிக்குப் பிறகு அவள் வீட்டுக்கு யாரும் பிள்ளையோடு வந்ததில்லையாம். ஆதிரை அவள் சேலையிலேயே கக்கினாள். "எங் கடக்குட்டியும் இப்பிடித்தான்" என்றாள். அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன்.

வீட்டுக்கு வந்து ஆதிரையை நான் குளிப்பாட்டவில்லை. லேசாகச் சளி இருந்தது. அப்படியே தொட்டிலில் போட்டேன். இன்று காலையில் எழுந்து சிரித்தாள். நீங்கள் எதைக் கொண்டுவந்துவிடுவோம் என்று பயந்து நின்றீர்களோ அதை நானே போய்த் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டேன். இனி ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று நீங்கள் காக்க வேண்டியது ஒன்றும் இல்லை. எனக்குத் துணைக்கு ஆள் வேண்டும். வாங்க.

செல்வி

---

அம்பாசமுத்திரம்
2.5.2025

அன்புள்ள செல்விக்கு,

உன் வீட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ வன்னியராஜோடு கல்லிடைக்குறிச்சிக்குக் கல்யாண வீட்டுக்குப் போயிருக்கிறாயாம். சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவாய் என்றார் அத்தை. நீ வந்து முகத்தைப் பார்த்துவிட்டால் எனக்கு வாய் வராது. அதனால் அதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன். கோணல் மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். ஒரு கையில்தான் எழுதுகிறேன்.

நேற்று சாலோமி டாக்டரிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு, "நான் சொல்ல வேண்டியத ஒங்க மனைவி சொல்லிட்டாங்க. ஆனா மாத்திரைய நிறுத்தாதீங்க" என்றார். காலையில் குளித்தேன். பஸ் ஏறுவதற்கு முன்னால் இன்னொரு தடவை குளிக்க வேண்டும் போல இருந்தது. குளிக்கவில்லை. முக்கூடல் தாண்டினதும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று இரண்டு தடவை எழுந்தேன். கண்டக்டர், "அண்ணாச்சி, உக்காருங்க. ஒங்க ஊரு இன்னும் வரல" என்றார்.

நான் நினைத்து வந்தது வேறு. வாசலில் நின்று அத்தையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், கை கால் கழுவ வேண்டும், நீ பிள்ளையைக் கொண்டுவருவாய், முதலில் எட்டி நின்று பார்த்துப் பழக வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டிருந்தேன். கதவைத் திறந்ததும் அத்தை என்னைப் பார்த்தார். ஏசத்தான் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கிவிட்டது. "பிடியும் வே, பிடியும்! பாலு போச்சு!" என்று பிள்ளையை என் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடிவிட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு நேரமே இல்லை.

அப்படியே நின்றேன். அசையவில்லை. இந்தக் கையில் இவ்வளவு சிறியதை நான் வாங்கினதே இல்லை. அவள் முழித்துக்கொண்டுதான் இருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அழவில்லை. மூக்கை என் சட்டையில் தேய்த்தாள்.

உடம்பு கொதித்தது செல்வி. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தேன், சட்டையைத் தாண்டிச் சுட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. வந்ததும் வராததுமாக எதையோ இழுத்துக்கொண்டு வந்துவிட்டேனே என்று, "அத்தை, பிள்ளைக்குக் காய்ச்சல்! சுடுது, ஓடியாங்க!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டேன்.

அத்தை கரண்டியோடு ஓடி வந்து நெற்றியில் கை வைத்தார், கழுத்தில் வைத்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஏச வந்த ஏச்செல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல மருமவனே" என்றார். "உயிரோட இருக்க பிள்ள இந்தச் சூடுதான் இருக்கும்."

இப்போது என் மடியில் தூங்குகிறாள். நீ வருகிற வரைக்கும் இறக்க மாட்டேன்.

துரை